வயிற்றின் மேல் ஒரு சொம்பு

விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பித்தளைச் சொம்பை என் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, "அசையாதடா மாப்ள, மூச்சக்கூட பாத்து விடு" என்பார் மச்சான். வேனுக்குள் கட்டில் பொருத்தி, அதில் என்னைப் படுக்கவைத்து, செல்லூர்ச் சந்துகளில் ஓட்டிப் பார்ப்பார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பொறுப்பான பதவி அதுதான். சும்மா படுத்திருப்பதில் என்னை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். வீடு திருவாதவூரில், பட்டறை செல்லூரில். சின்ன வேன்களின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜின் மாட்டுவதும், பின்பக்கத்தை வெட்டிக் காய்கறி ஏற்றத் தோதாக பாடி கட்டுவதும் அவர் தொழில். "நல்லா இழுக்கணும்ணே" என்றுதான் எல்லோரும் வருவார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகவே தன் வேனிலும் ஒரு முரட்டு டீசல் இன்ஜினை மாட்டியிருந்தார். அதை ஸ்டார்ட் செய்தால் பக்கத்து விசைத்தறிக்காரரே என்ன சத்தம் என்று எட்டிப் பார்ப்பார்.

அக்காவுக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. வாராவாரம் திருவாதவூரிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். முதல் தடவை அந்த வேனில் வந்து இறங்கியபோது, கடித்துக் கடித்து அவளுடைய கீழுதட்டில் ரத்தம் கசிந்திருந்தது. வழியில் ஒரு முனகல்கூட இல்லை. மச்சான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே டீசல் இன்ஜின் கீழே இறங்கியது. மூலையில் கிடந்த பழைய பெட்ரோல் இன்ஜினைத் துடைத்து மாட்டினார். அவள் தலையணையில் சாய்ந்து உட்காரக் கூரையை உயர்த்தினார். படுத்தபடியே வயல் பார்க்க ஜன்னலைத் தாழ்த்தி வெட்டினார். பட்டறையில் வேலைக்கு வேன் விட்டிருந்த ஒருவர், "ஊருக்கெல்லாம் பெருசா மாட்டிவிடுறீக, உங்களுக்கு மட்டும் தையல் மிஷின் மோட்டாராண்ணே?" என்று சிரித்தார்.

"எனக்கு இழுக்க வேணாம்ப்பா. ஆடாம இருந்தாப் போதும்."

ஆட்டத்தை அளக்கத்தான் சொம்பு. தினமும் என் சட்டை நனைந்தது. "இந்த வயசுலயும் நனைக்கிறியேடா" என்று டீக்கடைக்காரர் கேட்கும் அளவுக்குப் பேர் வாங்கினேன். கடைசியில் ஒரு நாள், ஒத்தக்கடை வரை போய்த் திரும்பியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. மச்சான் சொம்பை எடுத்து அந்தத் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று குடித்தார். அழுகையை மறைக்கத்தான் அப்படிக் குடித்தார் என்று நினைக்கிறேன்.

"அம்புட்டு சொகுசுடா. இதுல போறதுக்காகவே நோவு வரலாம்" என்றாள் அக்கா.

சில மாதங்கள்தான் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுபோனதும் அதே வேனில்தான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று, ஊரில் மாலையோடு காத்திருந்தவர்களிடமிருந்து போன் மேல் போன். மச்சானோ ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி, மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார்.

"மச்சான், இனி கொஞ்சம் வெரசாப் போகலாம்ல?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "அவளுக்கு வலிக்கும்டா."

அடுத்த வேகத்தடை வந்தபோது அக்காவின் தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு தக்காளி வியாபாரி அந்த வேனை விலைக்குக் கேட்டு வந்தார். டீசல் இன்ஜின் வேண்டும் என்றார். மச்சானும் சரி என்று சொல்லி மாட்டிவிட்டார். ஓட்டிப் பார்ப்பதற்கு முன், பழக்கதோஷத்தில் கட்டில் மேல் சொம்பை நிரப்பி வைத்தார். சாவியைத் திருப்பினார். சொம்பு தடதடவென்று நகர்ந்து, சரிந்து, கட்டில் முழுக்கத் தண்ணீர். அக்காவின் தலை இருக்கும் இடம் வரை ஓடியது.

அவசரமாக ஆஃப் செய்தார். துண்டை எடுத்துக் கட்டிலைத் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள... பழசையே மாட்டிருவமா?"

சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டோம். நான் குழாயடிக்குப் போய்ச் சொம்பை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்து, கட்டிலில் ஏறிப் படுத்தேன்.