வெள்ளிக்கிழமையை எண்ணாத சர்வேயர்

எழுபதுகளில் சவுதியின் கிழக்குப் பக்கம் ஓர் ஊரில் எனக்கு வேலை. பலதியாவில், அதாவது நகராட்சியில், சர்வேயர். வளைகுடாவில் அப்போதே ரயிலா என்று கேட்காதீர்கள். ஓடியது. டீசல் இன்ஜின், ஊருக்கு நடுவே, ஹார்னிலிருந்து கையை எடுக்காத டிரைவர்கள். அந்த ரயிலால் என் வேலை போகப் பார்த்தது. தப்பு என்னுடையதுதான்.

1. ஆறு நாள் சர்வே

பலதியாவுக்கு ரயில்வேயிடம் இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஹார்ன் அடிக்கக் கூடாது. கடைத்தெருவில் கார் நிறுத்த இடமில்லாததால், ஸ்டேஷனை ஒட்டிச் சும்மா கிடந்த ரயில்வே நிலத்தைப் பார்க்கிங்குக்குத் தர வேண்டும். இரண்டுக்கும் ரயில்வே சம்மதித்தது. ஒரே நிபந்தனை, ஊர் எல்லைக்குள் தண்டவாளம் நெடுக இடைவெளியில்லாமல் வேலி போட வேண்டும். ஆள் குறுக்கே வர வழியிருந்தால் ஹார்னை நிறுத்த முடியாது என்றார்கள். நியாயமான பேச்சு.

குறுக்கே எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. சனி முதல் வியாழன் வரை குடை பிடித்து உட்கார்ந்து எண்ணினேன். ஆடு மேய்ப்பவர், நாலைந்து பள்ளிப் பிள்ளைகள், அவ்வளவுதான். "நடமாட்டம் சொற்பம்" என்று ரிப்போர்ட் எழுதினேன். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

2. லீவு நாள் கூட்டம்

சனிக்கிழமை ரயில்வேயோடு ஒப்பந்தக் கையெழுத்து. முந்தின நாள் வெள்ளிக்கிழமை, வேலிக்கு அடித்த முளைக்குச்சிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க மனசில்லாமல் போனேன். அங்கே திருவிழாக் கூட்டம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த லேபர் கேம்ப் மொத்தமும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. அரிசி வாங்க, ஊருக்குக் கடிதம் போட, காய்ச்சலுக்கு மருந்து வாங்க. வாரத்தில் அவர்களுக்கும் அந்த ஒரு நாள்தானே லீவு?

ராமநாதபுரத்துக்காரர் செல்லையா, கொத்தனார், முளைக்குச்சியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். வேலி வருகிறது, ரயில் இனி ஹார்ன் அடிக்காது, ஊர்க் கோடியில் உள்ள பாலம் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும் என்றேன்.

"இந்த வெயில்ல எவன் சார் சுத்துவான்? ஏறிக் குதிப்பான், இல்ல கம்பிய வெட்டிருவான்" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ரயிலு ஹார்ன் அடிக்காம வரும்ங்கிறீங்க. குதிக்கிறவனுக்கு எப்டி சார் தெரியும்?"

வேலியும் வேண்டும், சத்தமும் கூடாது என்று நாங்கள் போட்ட கணக்கில் இந்த ஆட்கள் செத்துப்போவார்கள். அதற்கு ஆதாரமாக இணைத்திருப்பது என் ரிப்போர்ட். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. கையெழுத்து

என் மேலதிகாரி சூடான்காரர், நல்ல என்ஜினியர், முன்கோபி. வரைபடத்தை விரித்து வைத்துவிட்டுச் சும்மா இரு என்று சொல்லித்தான் மீட்டிங்குக்கு அழைத்துப் போனார். எதிரே ரயில்வே அதிகாரி, லாகூர்க்காரர், பேனாவைத் திறந்துவிட்டார். நான் வரைபடத்தின் மேல் கையை வைத்தேன். என் சர்வே தப்பு, வெள்ளிக்கிழமையை எண்ணவில்லை என்றேன்.

மேலதிகாரி என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மாதக்கணக்கில் பேசி முடித்ததைக் கெடுத்துவிட்டாய், உன்னை விமானம் ஏற்றிவிடுவேன் என்றார். ஊரில் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அனுப்புங்க சார், போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வெள்ளிக்கிழமை எங்கூட வந்து நில்லுங்க."

அவர் வந்தார். தொழுகை முடிந்த கையோடு லாகூர்க்காரரையும் இழுத்துக்கொண்டு வந்தார். லாகூர்க்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. ஹார்ன் கேட்டதும் அரிசி மூட்டையோடு ஆட்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். "பஸ் பாய், தேக் லியா" என்றார். போதும், பார்த்துவிட்டேன் என்று அர்த்தம்.

அதற்கப்புறமும் சுலபமாக முடியவில்லை. ஆள் கடக்க வேலியில் ஒரு கேட் கேட்டோம். கேட் வைத்தால் ஹார்ன் அடிப்போம் என்றது ரயில்வே. ஆஸ்பத்திரிப் பக்கம் ஹார்ன் கூடவே கூடாது என்றோம் நாங்கள். கடைசியில் கேட்டுக்கு ஓர் ஆள், ரயில் வருவதற்கு வெகு முன்பே பூட்டு, அவர் கொடி காட்டினால் ஹார்ன் வேண்டாம் என்று முடிவானது. கேட்மேன் கேபினுக்கும் நடைபாதைக்கும் பார்க்கிங்கில் ஒரு வரிசை போயிற்று. கடைக்காரர்களின் வசவை மேலதிகாரியே வாங்கிக்கொண்டார். என்னை விமானம் ஏற்றுவது பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. புது வரைபடத்துக்குப் புது சர்வே எடுக்கச் சொன்னார், ஏழு நாளும்.

சர்வேக்குப் போகும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். உங்கள் லீவு நாளில் ஊர் என்ன செய்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட் திறந்து சில வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்றேன். பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் செல்லையா. என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். கேட்டை இவ்வளவு முன்னாடியே பூட்டினால் எப்படி, கறிக்கடையில் நல்ல கறியெல்லாம் தீர்ந்துவிடாதா, உங்க பலதியாவுக்கு மூளை இருக்கிறதா என்று. அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் இருவருக்கும் நடுவில் ரயில் ஹார்ன் இல்லாமல் கடந்து போனது. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் பார்த்தேன். மனிதர் நின்ற இடத்திலேயே நின்று, இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.