கூறைப் புடவையின் ஓரத்து இழை

முடி கருகும் வாசனை. பாயான் லெப்பாஸ் பேரங்காடியின் மூன்றாம் மாடியில், சலூன்காரப் பெண் சூடான இடுக்கியால் என் முடியைப் பிடித்து இழுத்தபோது அது எழுந்தது. அவள் பதறி மன்னிப்புக் கேட்டாள். நான் போதும் என்று எழுந்துவிட்டேன். தலையில் பாதி நேர், பாதி சுருள். கார் நிறுத்துமிடத்துப் படிக்கட்டில் வந்து நின்றேன். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் ஏறினேன், இறங்கினேன். இந்த வாசனை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வராத வாசனை ஒன்றைத் தேடி முப்பத்தைந்து வருடங்களாக மூக்கைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

அப்போது பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் அவள்தான் ரவிக்கை தைப்பாள். அவளுக்கு முப்பத்திநாலு வயது என்பதை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. எந்தத் துணியையும் இரண்டு விரலுக்கிடையில் வைத்து ஒருமுறை நகர்த்துவாள். அவ்வளவுதான். அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும், யாரிடமும் சொல்ல மாட்டாள். அவள் அறிவு விரலில் இருந்தது. என் அறிவு வாயில் இருந்தது.

அது வாய்க்கு வந்த வழி அக்காவின் மனையியல் புத்தகம். அக்கா பரீட்சைக்குக் கத்திக் கத்திப் படிப்பாள். கேட்டே எனக்கு மனப்பாடம். பருத்தி எரிந்தால் காகித வாசனை, சாம்பல் பூப்போல உதிரும். புதுப் பருத்தியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும். பட்டும் கம்பளியும் உயிர்களிடமிருந்து வருபவை, எரிந்தால் முடி கருகும் வாசனை, கரி விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகும், உருகிக் கறுத்து மணியாக இறுகும், நசுக்க முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போய் வருவது ஊடை. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

சித்தியைக் கேட்டு வந்தவர் சுங்கை பினாங்கைச் சேர்ந்தவர். தொழிற்சாலை பஸ் ஓட்டினார். முதலில் தன் அம்மாவின் ரவிக்கைகளை வாங்கிப்போக வந்தார். பிறகு ரவிக்கை இல்லாத நாட்களிலும் வந்தார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பஸ் ஓட்டுறவன்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் சொல்ல ஒரு காரணமும் கிடைக்காமல் தவித்தார்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கூறைப் புடவையைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். பெண் வீட்டில் சிறுபிள்ளை வரை ஒவ்வொருவரும் அதைத் தொட்டு வாழ்த்த வேண்டும். அதன் பிறகுதான் வெற்றிலை கைமாறும். அவரும் அவருடைய அம்மாவும் மட்டுமே வந்திருந்தார்கள். தட்டில் அரக்குச் சிவப்பில் புடவை. முந்தானை ஓரத்தில் முடியப்படாத நூல்கள் தொங்கின.

"அசல் காஞ்சிபுரம் லா. மூணு மாசம் ஓவர்டைம் செஞ்சு இவனே கடைக்குப் போயி எடுத்தான்" என்றார் அவருடைய அம்மா.

சித்தி தொட்டாள். விரல்கள் நகர்ந்து, நடுவில் நின்று, மறுபடி நகர்ந்தன. "ரொம்ப நல்லாருக்கு அத்தை" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். "எங்க வீட்டுச் சின்ன டீச்சர் நூல எரிச்சே பட்டா இல்லயான்னு சொல்லிரும். என்னாம்மா, பாத்துருவமா?" என்று என் பக்கம் நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அது உத்தரவு.

ஓரத்து இழை ஒன்றை உருவினேன். குத்துவிளக்குச் சுடரில் காட்டினேன்.

"ஐயோ, கூறையக் கொளுத்துறாளே!" என்று அம்மா அலறினாள்.

இழை சுருண்டு பின்வாங்கியது. உருகியது. பிளாஸ்டிக் வாளி கருகினாற்போல ஒரு நாற்றம் வந்தது. நுனியில் கறுப்பாக ஒரு மணி. ஆறியதும் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து, பள்ளியில் பரிசு வாங்கிய பிள்ளையைப் போல ஒவ்வொருவரிடமும் காட்டினேன்.

"இது பட்டு இல்ல. பாலியஸ்டர்."

அப்பா என்னைக் கண்டிக்கவில்லை. தானே இன்னோர் இழையை உருவிச் சுடரில் வைத்தார். இன்னொரு மணி.

"இதான் ஒங்க காஞ்சிபுரமா?"

"கடையில பட்டுன்னுதான் சார் சொன்னாங்க." அவருடைய காதுமடல்கள் சிவந்துவிட்டன. "எனக்குத் துணி பத்தித் தெரியாது. நாளைக்கே போயி மாத்திட்டு வந்துர்றேன்."

"புடவைய மாத்துவீங்க. ஆள?"

"பேச்சப் பாத்துப் பேசுங்க! பச்சப் புள்ளய விட்டா சோதிக்கிறீங்க?" என்று அவருடைய அம்மா எழுந்துவிட்டார்.

"அத்தான்" என்றாள் சித்தி. "எனக்குத் தெரியும். தொட்டதுமே தெரிஞ்சிருச்சி. எனக்கு இது போதும்."

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டா இருந்த? புருசன் கெடச்சா சரின்னு ஆயிருச்சா?"

வெற்றிலை கைமாறவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. பாலியஸ்டரைப் பாவாக ஓட்டி, பட்டை ஊடையாக நெய்த புடவைகள் உண்டு. ஓரத்தில் தொங்குவது பாவு மட்டும்தான். நான் எரித்ததும் பாவு, அப்பா எரித்ததும் பாவு. குறுக்கே எத்தனை பட்டுப்பூச்சிகள் அந்த மனிதருக்காகச் செத்திருந்தன என்று யாரும் பார்க்கவில்லை. ஒருவேளை சித்தியின் விரல்கள் நடுவில் நின்றதும் அதற்காகத்தானோ. தெரியாது. அவள் இருந்தவரை கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. முழுவதும் பாலியஸ்டராகவே இருந்திருந்தால்தான் என்ன? அப்பா தேடிக்கொண்டிருந்தது பட்டை அல்ல, ஒரு காரணத்தை. அதை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

சித்தி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவும் இல்லை. என் கல்யாண ரவிக்கையையும் அவள்தான் தைத்தாள், அளவு பிசகாமல். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்கு எங்காவது ஓரிடத்தில் உட்கார முடிந்திருக்கும்.

அன்று அவர் புடவையைத் தானே மடித்துத் தட்டில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவின் கையைப் பிடித்து நடத்திப் போனார். வாசலில் குனிந்து சப்பாத்தைக் காலில் மாட்டும்போது சித்தி ஓடிவந்தாள். "உள்ள போ" என்றார் அப்பா. அவள் போகவில்லை. நான் கதவோரத்தில், மணி இன்னும் கைக்குள் இருக்க, பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போட்டிருந்த வெளிர்நீலப் பருத்திச் சட்டை கடையில் வாங்கியதல்ல என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பொத்தான் துளைகளில் சித்தியின் தையல். அவள் அழுவாள், அல்லது படத்தில் வருவதுபோலப் போகாதீர்கள் என்று கையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சலவையைப் பற்றிப் பேசினாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதுவும் அக்காவின் புத்தகத்தில் இருந்ததுதான், எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். துணியைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"நனைக்காமலே தச்சிட்டேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல், சட்டைக் கையைப் பார்த்து. "சுடுதண்ணியில போட்டுறாதீங்க. சுருங்கிரும்."