என் தொடையும் மைத்துனன் ஏணியும்

லேபில் என்னைப் ‘பச்சை’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளைத் தசைச் செல்கள்மேல் ஊற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் எது மின்னுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஆன்டிபாடி தனக்கான புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். புரதம் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் இருட்டு. சங்கதி இவ்வளவுதான். ஆனால் வீட்டில் பேசும்போது தசையையே நான்தான் படைத்தேன் என்கிற தோரணையில் பேசுவேன். வாய்க்கு மட்டும் குறைச்சல் கிடையாது.

என் மனைவியின் தம்பி பெயிண்டர். எங்கள் ஹாலில் மூன்று சுவரை முடித்துவிட்டு நாலாவதற்கு ஏணியில் ஏறியவன், பாதியில் கால் மடங்கிக் கீழே விழுந்தான்.

“என்ன மாப்ளே, பெயிண்ட்டுக்கு முன்னாடி நீ வழிஞ்சு வந்துட்டே?” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “கொஞ்ச நாளாவே இப்படித்தான் மாமா. படியேறினா தொடை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

தசைச் செல்லின் உறை கிழிந்தால் அதைச் சரிசெய்யும் ஒரு புரதம் இவனுக்கு இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அப்படியென்றால் கால் இன்னும் பலவீனப்படும், ஏணியை மறந்துவிட வேண்டியதுதான். ஏணி இல்லாத பிழைப்பு அவனுக்குத் தெரியாது. தொடையில் ஒரு துணுக்கு எடுத்து எங்கள் லேபுக்கே அனுப்பினார்கள்.

“சொந்தக்காரங்க ஸ்லைடை நீங்க பார்க்க வேண்டாமே,” என்றார் லேப் தலைவி.

“என்னை விட்டா யாரு மேடம் இதைப் பார்ப்பா?” என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் தசையும் தேவைப்பட்டது. அதற்கும் நானே மார்தட்டிக்கொண்டு தொடையைக் கொடுத்தேன். ஊசி இறங்கியதும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு துணுக்குகளிலிருந்தும் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தேன். தசைச் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. வயிறாரத் தீனி போட்டால் பெருகிக்கொண்டே போகும், பொறுப்பு மட்டும் வராது. தீனியைக் குறைத்தால்தான் ஒன்றோடொன்று சேர்ந்து நீள நாராகி, முதிர்ந்த தசைக்குரிய புரதங்களை உண்டாக்கும். மைத்துனனுடைய செல்கள் சட்டென்று சேர்ந்துகொண்டன. என்னுடையவை சோம்பிக் கிடந்தன.

“உங்க செல்லு உங்கள மாதிரிதானே இருக்கும்? பட்டினி போட்டாலும் வேலைக்குக் கிளம்பாது,” என்றாள் மனைவி.

ஒருவழியாக என்னுடையவையும் கிளம்பின. செல்கள் முதிர்ந்ததைக் காட்ட ஒரு சிவப்பு ஆன்டிபாடி, டாக்டர் தேடும் புரதத்துக்கு ஒரு பச்சை ஆன்டிபாடி. இரண்டையும் ஊற்றி மைத்துனன் ஸ்லைடை முதலில் வைத்தேன். சிவப்பு நார்கள் அழகாக வரிசைகட்டி நின்றன. பச்சை துளிகூட இல்லை.

என் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே அதுதான். ஊருக்குத்தானே உபதேசம்? மனைவிக்குப் போன் போட்டு, “இருட்டா இருக்குடி,” என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிறகுதான் என் ஸ்லைடை வைத்தேன். அதுவும் இருட்டு. அப்படிப் பார்த்தால் எனக்கும் அதே நோய். தொடையைத் தடவிப் பார்த்தேன். உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். மறுபடி உட்காரும்போது தலைவி வாசலில் நிற்பதைக் கவனித்தேன்.

அவர் மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து பச்சை ஆன்டிபாடி பாட்டிலை எடுத்துவந்தார். அந்தச் சாயத்துக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் பாட்டிலை வெள்ளித்தாளில் சுற்றியேதான் வைத்திருப்போம். எங்கள் ஃப்ரிட்ஜோ கண்ணாடிக் கதவு வைத்தது, உள்ளே பல்பு அணைவதே இல்லை.

“இதோட தாள் எங்க?”

என் சாப்பாட்டு டப்பாவின் மூடி தொலைந்து வெகுநாளாகிறது. அவசரத்துக்கு இந்தப் பாட்டிலின் தாளை உருவி மூடியிருந்தேன். ஆக, என் மதியச் சாப்பாட்டின்மேல் வெளிச்சம் படாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாயம் செத்துப்போய்விட்டது.

மறுபடியும் மனைவிக்குப் போன். “தப்பாப் பார்த்துட்டேன். இன்னொரு தடவை செய்யணும்.” அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. சாயங்காலம் மைத்துனனே வந்துவிட்டான். “மாமா, உங்க வேலை லட்சணம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா அழுதே இருக்க மாட்டோம்!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். ஏணியைத் துடைத்து நாலாவது சுவரில் சாய்த்துவைத்தான். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எப்போதும் ஓயாத வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது.

புதுப் பாட்டில் வந்தது. இந்த முறை என் ஸ்லைடைத்தான் முதலில் பார்த்தேன். சிவப்பு நார்களின் ஓரமெல்லாம் பச்சை, கண்ணைப் பறித்தது. அடுத்து அவனுடையது. சிவப்பு மட்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தப் பாட்டிலும் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். என் தொடையின் பச்சை அதற்கு வழியே விடவில்லை.

தலைவி இரண்டையும் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். “டாக்டர்கிட்ட நான் பேசறேன். வீட்ல நீங்க சொல்லுங்க.”

ஹாலில் அவன் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். சொன்னேன். மனைவி சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் குச்சியால் வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“முதல்ல சொன்னதுதான் சரின்னா, நடுவுல எதுக்கு மாமா சந்தோஷப்படுத்துனீங்க?”

அழுதேன். அவன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சரி விடுங்க. உங்களுது எப்படி இருந்துச்சு?”

“பச்சையா… நல்லா இருந்துச்சு.”

“அப்ப நீங்க ஏறுங்க,” என்று பிரஷை என் கையில் திணித்தான். “நான் கீழ பிடிச்சுக்கறேன்.”

ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். ஏறினேன். நோயில்லாத என் தொடை வெடவெடவென்று நடுங்கியது. கீழே அவன் ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டு, “மாமா, மூலையில விட்டுட்டீங்க பாருங்க. இன்னும் மேல… பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல,” என்று அதட்டிக்கொண்டே இருந்தான்.