கைக்கு வந்து சேர நேரமாகும்

ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்க டாக்டர்கள்தான். எட்டாவதில் பெயிலான நானும் ஒரு டாக்டர்.

துறைமுகத்தில் எங்களோடு மூட்டை தூக்கிய ஒரு மனிதர், காதில் குரல் கேட்கிறது என்று மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையோடு திரும்பினார். குரல்கள் நின்றுவிட்டன. பேச்சும் சிரிப்பும் திரும்பவில்லை. எண்ணெய் காணாத தலையும் மாற்றிப் போட்ட பொத்தானுமாக நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கண்ணாலம் கட்டி வச்சா சரியாப்பூடும்" என்றார் ஒரு டாக்டர். "நாலு சாத்து சாத்தணும்" என்றார் இன்னொருவர். வெறும் சோம்பேறித்தனம் என்று கண்டுபிடித்தவன் நான்.

அவருடைய அக்கா கெஞ்சியதால் மேஸ்திரி மறுபடி சேர்த்துக்கொண்டார். காலையில் பேர் கூப்பிட்டதும் கை தூக்க வேண்டும். தூக்காதவனுக்கு அன்று வேலை இல்லை. முதல் இரண்டு நாளும் அவர் தூக்கவில்லை.

"திமிரு புட்ச்சவன். நாளிக்கும் தூக்கலன்னா வேற ஆளு" என்றார் மேஸ்திரி.

அன்று மாலை அவரைச் சீண்டினேன். "இன்னா மாமு, கை தூக்கவும் ஆளு வைக்கணுமா? வேலைக்கு வர ஆசையே இல்லியா?"

வெகுநேரம் கழித்து, முகம் அசையாமல் சொன்னார். "கீது நைனா. அது கைக்கு வந்து சேர்றதுக்குள்ள அடுத்த பேரு வந்துடுது."

மறுநாள் அவர் பேரைக் கூப்பிட்டதும் நான் தும்ம ஆரம்பித்தேன். ஏழெட்டுத் தும்மல். மேஸ்திரி அடுத்த பேருக்குப் போகாமல் என்னைத் திட்டி முடிப்பதற்குள் அந்தக் கை மெல்ல மேலே வந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நன்றி கெட்டவன் என்றார்கள் சந்து டாக்டர்கள். நான் போய் மூக்குப்பொடி வாங்கி வந்தேன். நாளைக்கும் பேர் கூப்பிடுவார்களே.