பக்கத்து வீட்டு அம்மாவைக் காணவில்லை

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மெல்பேர்ணில் டண்டினொங் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். அந்தத் தெருவில் தமிழ் பேச எங்களை விட்டால் ஆளில்லை.

வந்த புதிதில் ஒருநாள் தனியாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது எனக்கு விளங்கவில்லை, நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களோ, தங்களுக்குள் ஏதும் பேசிச் சிரித்தார்களோ, இன்றுவரை தெரியாது. கூடையை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு ஐந்து மாதம் வாசற்படி தாண்டவில்லை. நான் பெரிய ரோசக்காரி. சாமான்களெல்லாம் கணவரே வாங்கி வருவார். யாராவது கதவைத் தட்டினால் பேசவேண்டி வருமே என்று பயந்து, வேலைக்குப் போகும்போது முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, அவசரத்துக்கு அது போதும். தோய்த்த துணிகளைக்கூடக் குளியலறைக்குள்தான் காயப்போட்டேன்.

பொழுதுபோக்குக்கு எனக்குக் குசினி யன்னல் இருந்தது. அடுப்படியை விட்டு நகராமலே திரைக்குப் பின்னால் நின்றால் பக்கத்து வீட்டு முற்றம் முழுக்கத் தெரியும். அங்கே ஓர் இத்தாலியத் தம்பதி. அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எப்போதும் கறுப்புச் சட்டை போட்டிருப்பார். தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பார். யன்னலில் என் நிழல் தெரிந்தால் கையசைப்பார். நான் உடனே குனிந்துவிடுவேன். ஆனாலும் அந்தக் கையசைப்புக்காகத்தான் தினமும் யன்னலடிக்குப் போனேன் என்பதை இந்த வயதில் வெட்கப்படாமல் சொல்லலாம்.

குளிர் தொடங்கிய நாட்களில் அந்த அம்மாவைக் காணவில்லை. ஒருநாள், இரண்டு நாள், ஒரு கிழமையாயிற்று. அவருடைய கணவர் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உலாவினார். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் முற்றத்தில் இருந்து கத்தி தீட்டுகிறார். ஒன்றல்ல, நாலு கத்திகள்.

"இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டு மனிசியைக் காணேல்லை. அந்தாள் என்னவோ செய்துபோட்டுது" என்று கணவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? பேசாமல் சாப்பாட்டைப் போடும்" என்றார்.

மறுநாள் அவருக்கு ஓவர்டைம். வழக்கம்போலப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். நான் குளித்துவிட்டு யன்னலடிக்கு வந்தபோது பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு கார். வெள்ளைத் துணியில் சுற்றிய, ஆள் நீளமான ஒன்றை அதிலிருந்து அந்த முதியவரும் ஓர் இளைஞரும் தூக்கிக் கராஜுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் மரம் அறுப்பதுபோல வாளால் அறுக்கிற சத்தம். கதவின் அடியால் சிவந்த தண்ணீர் வழிந்து வந்தது. அடுப்படியில் கிடந்த அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். வீட்டில் தொலைபேசி இல்லை. இருந்தாலும் என் ஆங்கிலத்தில் பொலிசுக்கு என்னத்தைச் சொல்வது?

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் பெரிதாகக் கேட்டது. இன்னும் உயிர் போகவில்லை என்று மட்டும்தான் என் மூளைக்கு எட்டியது. பின்கதவைத் திறந்து, கையில் இருந்த அகப்பையோடு, செருப்புக்கூட இல்லாமல் ஓடினேன். இடுப்பளவு வேலியில் சேலை சிக்கிக் கிழிந்தது. கராஜ் கதவைத் தள்ளித் திறந்தேன்.

உள்ளே பாதி அறுத்த ஒரு பன்றி தொங்கிக்கொண்டிருந்தது. மேசை நிறைய இறைச்சி. சுற்றிலும் முதியவர், அவருடைய மருமகன், கைக்குழந்தையோடு மகள். நடுவில், முழங்கைவரை இரத்தத்தோடு, அந்த அம்மா. உப்புப் போதாதென்று கணவரைத் திட்டிக்கொண்டிருந்தாராம். மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர், நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் முன்வாசலால் வீடு திரும்பியிருக்கிறார். குளிர்காலத்தில் ஒரு பன்றி வாங்கி, குடும்பமாக இருந்து வருடத்துக்குத் தேவையான சொசேஜ் செய்வது அவர்கள் வழக்கம். மரக்கறிச் சமையல் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

அகப்பையோடு அசடு வழிய நின்றேன். அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து அழத் தொடங்கினார். கிட்ட வந்து, என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். என் சேலைச் சட்டையின் கையை உயர்த்திப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் மெதுவான ஆங்கிலத்தில் விளக்கினார். "எங்கே அடித்திருக்கிறான் என்று பார்க்கிறார்."

அந்த அம்மா எத்தனையோ நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரன் காலையில் பெண்சாதியை வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான், அந்தப் பிள்ளை துணி காயப்போடக்கூட வெளியே வருவதில்லை என்று மகள் வீட்டிலும் இதே கதைதானாம். திங்கட்கிழமை மருமகனைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போவதென்று முடிவாகியிருந்தது.

மத்தியானம் என் கணவர் வீட்டில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு அங்கே வந்தார். நான் கராஜுக்குள் கதிரையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். முதியவர் கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். நான் பாய்ந்து நடுவில் நின்றேன். "இவர் நல்லவர். பூட்டச் சொன்னது நான்" என்றேன். அந்த நாட்டில் நான் பயமில்லாமல் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான்.

வீட்டுக்கு நடக்கும்போது கணவர் சொன்னார். "அந்தாள் மனிசியைக் கொல்லேல்லை. என்னைத்தான் கொல்லப் பார்த்தது."

திங்கட்கிழமை அந்த அம்மா பொலிசுக்குப் போகவில்லை. கூடையோடு எங்கள் பின்கதவைத் தட்டி, அதே கடைக்கு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. ஒரு கிழமையாகக் காணாமல் போன அவரை நான் தேடினேன். ஐந்து மாதமாகக் காணாமல் போயிருந்த என்னை அவர் தேடிக்கொண்டிருந்தார். இப்போதும் எங்கள் தெருவில் யாராவது புதிதாகக் குடிவந்து, ஆளைக் காணாமல் யன்னல் திரை மட்டும் அசைந்தால், நான் முதலில் நன்றாகக் கையசைப்பேன், பிறகு போய்ப் பின்கதவைத் தட்டுவேன்.