எதிர்த்தரப்பில் உறங்குபவர்

வழக்கறிஞரான என் கணவர் உதயரூபன் விழித்திருக்கும்போது ஒரு தரப்பு, உறங்கும்போது மற்றத் தரப்பு. இதை அவருடைய கட்சிக்காரர் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்கறியும் சோறும் உண்டுவிட்டு, பின் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சாய்வார். வாவிக் காற்று முகத்தில் பட்டதும் கண் செருகும், வாய் திறக்கும். கலியாணமான புதிதில் அவர் அரச சட்டவாதி. கிழமை நாளில் கூண்டில் நிற்பவனைக் குற்றவாளி என்று நிறுவுவார். நித்திரையில் அவனுக்காகவே உருகி வாதாடுவார்.

"தவளை தன் வாயாலதான் கெடும், கவனம்" என்று சீண்டுவேன். அவரும் சிரிப்பார்.

சாமித்தம்பியின் வழக்கோடு அந்தச் சிரிப்பு நின்றது. அவர் பழுகாமத்து மீன்பிடிகாரர். வாவிக்கரையில் மீனவர் தங்கும் வாடி ஒன்றுக்குத் தீ வைத்தார், உள்ளே படுத்திருந்தவர் இறந்துபோனார் என்பது குற்றச்சாட்டு. கரையில் மருதமரத்தடியில் நின்று கண்டதாக ஒரேயொரு சாட்சி. அந்த ஞாயிறு இவர் கண்ணை மூடியபடியே தெளிவாகக் கேட்டார்: "தீப்பிடித்த கிழமை முகத்துவார மணலை வெட்டிக் கடலுக்கு விடவில்லை; வாவி நிறைந்து மரத்தடியில் கழுத்தளவு தண்ணீர். சாட்சி எங்கே நின்றார்?"

அவர் எழும்பியதும் சொன்னேன். பிளேன்டீயைக்கூடத் தொடாமல் பழுகாமத்துக்குப் போய் விசாரித்தார். கனவு சொன்னது சரிதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தோன்றாத அந்தக் கேள்வியை, நீதிமன்றத்தில் தன் சாட்சியிடம் தானே கேட்டார். சாட்சி தடுமாறிப்போனார். சாமித்தம்பி விடுதலையானார்.

ஊர் சாமித்தம்பியை நம்பவில்லை. இவரும் முழுதாக நம்பவில்லை என்பதுதான் எங்கள் வீட்டுக்குள் புகுந்த நோய்.

"சாட்சி பொய் எண்டா, அவர் செய்யல்ல எண்டு ஆகுமா? ஒரு கொலைகாரன நான் வெளிய விட்டுட்டனோ தெரியா."

இதையே அரைத்து அரைத்து, கடைசியில் அரச வேலையை விட்டுவிட்டு, தனியாக வழக்காட வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார். நித்திரையும் உடனே கட்சி மாறியது. இப்போது தன் கட்சிக்காரரையே விளாசித் தள்ளும். ஒருவர் சங்கிலியைத் திருடவில்லை என்று கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்; அந்த ஞாயிறே நித்திரை கேட்டது, "அப்படியானால் சங்கிலி உன் கிணற்றுக்குள் எப்படி வந்தது?" அந்த வாய் ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை.

போன மாதம் சாமித்தம்பி வந்தார். வட்டையில் அவருடைய வயல் வரப்பைப் பக்கத்து வயல்காரர் வெட்டிவிட்டாராம்.

"என்னைக் காப்பாத்தின நீங்க இருக்கக்குள்ள, வேற ஆரிட்டப் போவன் ஐயா?"

இவர் வழக்கை எடுத்துக்கொண்டார். பிறகுதான் முகம் வெளுத்தது. சாமித்தம்பி இப்போது இவருடைய கட்சிக்காரர். இனி நித்திரை அவரைக் கூண்டில் ஏற்றும். வாடியைப் பற்றிக் கேட்கும்.

ஞாயிறுகளில் கதிரைப் பக்கமே போகவில்லை. பிளேன்டீக்கு மேல் பிளேன்டீ குடித்து, முற்றத்தில் நடந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"படுங்க. என்ன வந்தாலும் கேப்பம்."

"கேட்டத மறைக்காமச் சொல்லுவியா?"

"ஓம்."

நேற்று மழை இருட்டு. வானமும் வாவியும் ஒரே நிறமாகி, தூரத்துத் தோணி எதிலே மிதக்கிறது என்றே தெரியவில்லை. அவர் தூங்கிப்போனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சாமித்தம்பி" என்றார்.

காற்று நின்றது. உதடு அசைந்து அசைந்து ஓய்ந்தது, எதையோ தேடிக் காணாததுபோல. கடைசியில் அந்தப் பழைய நீதிமன்றக் குரல் வந்தது.

"அரச தரப்பில் கேள்வி எதுவும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

குறட்டை தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருசத்தில் அவர் அப்படி ஆழ்ந்து உறங்கி நான் கண்டதில்லை, எழுப்ப மனமில்லை. ஆனாலும், கேட்டதைச் சொல்ல உலுப்பி எழுப்பினேன்.