நான்காவது கை

இது நடந்தது. நான் கட்டிய கதையாக இருந்தால், அதில் தோர்வால்டைவிட நான் உயரமாக இருந்திருப்பேன்.

ஜனவரி 22, வியாழன், மாலை 4.10. வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், விழாவுக்கான லான்சியே நடன ஒத்திகை. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவது. 1860-களில் கோபன்ஹேகன் சீமான்களின் ஆட்டமாக வந்தது; இன்று டென்மார்க்கின் மேல்நிலைப் பள்ளி மாணவன் எவனும் அதிலிருந்து தப்ப முடியாது.

என் வகுப்புப் பெண் ஆல்பெர்ட்டேயை ஜோடியாக வரக் கேட்க நான் மூன்று வாரம் யோசித்தேன். தோர்வால்டுக்கு மூன்று நொடி போதுமாக இருந்தது. எனக்குக் கிடைத்த ஜோடி, உடற்பயிற்சி ஆசிரியை உல்லா.

ஆனால் கடைசிச் சுற்றில் சங்கிலி உண்டு. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமும் நடந்து, எதிரே வருகிறவர் கையை மாறி மாறிப் பிடிக்க வேண்டும். எனக்கு நான்காவது கை ஆல்பெர்ட்டே. அந்தக் கைக்காகத்தான் நான் ஒத்திகைக்கே வந்தேன்.

"தோளை நிமித்துப்பா, வில்லாட்ஸ்! மூட்டையா தூக்குற?" என்றார் உல்லா.

வலது. இடது. வலது. நான்காவது...

சில்லென்று இருந்தது. பட்டுக் கையுறை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோர்வால்டுக்கு வெறுங்கை, எனக்குக் கையுறையா?

சுற்று முடிந்ததும் பார்த்தேன். அவள் கைகளில் எதுவுமில்லை.

"உல்லா, இங்க யாராச்சும் கையுறை போட்டிருக்காங்களா?"

"அதெல்லாம் அந்தக் காலத்துச் சீமான்களோட போச்சு. ஆடு!"

4.26. மறுபடி சங்கிலி. இம்முறை குனிந்து பார்த்தேன்.

என் கைக்கும் அவள் கைக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம்.

என் விரல்கள் எதையோ பிடித்திருந்தன.

அவள் விரல்களும்.

இழுத்தேன்... விடவில்லை.

பாட்டு நின்றது. விட்டது.

மறுநாள் உணவறையில் ஆல்பெர்ட்டே என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தோர்வால்டை வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"நேத்து நீ கையைப் பிடிச்சே பாரு... அப்படி யாரும் என்னைப் பிடிச்சதில்லடா. விழாவுல என்கூட ஆடுறியா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தூரத்தில் தோர்வால்டின் மூஞ்சி தெரிந்தது. சொல்லவில்லை.

விழா நாள், பிற்பகல் 3.40. முதல்முறையாக அவள் கை என் கைக்குள் வந்தது. வெதுவெதுப்பாக.

அவள் முகம் சுருங்கியது.

"இது உன் கை இல்லையே."



சங்கிலி வந்தது. அரைச் சுற்றில் ஜோடிகள் ஒருவருக்கொருவர் தலை வணங்க வேண்டும். வணங்கினேன்.

அவளும் வணங்கினாள். எனக்கு வலப்பக்கம், யாருமில்லாத இடத்தைப் பார்த்து.

சிரித்தாள்.

உல்லா எடுத்த காணொளியை நூறு முறையாவது பார்த்திருப்பேன். அங்கே யாருமில்லை. ஆனால் எங்கள் சதுரத்தின் மற்ற மூன்று ஜோடிகளும் அந்த இடம் வரும்போதெல்லாம் தோளைச் சாய்த்து வழிவிடுகிறார்கள்.

எனக்கு ஒருவரும் வழிவிடவில்லை.